எட்டு மாச வருஷம்

எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். எங்கள் பக்கம் அந்தச் சுவரை ஒட்டி மிக்ஸி மேடை. அந்தப் பக்கம் வேலுசாமி சார் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நாற்காலி. ஒட்டுக் கேட்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. மிக்ஸியை நிறுத்தினால் காதில் விழும், அவ்வளவுதான். அந்த ஏப்ரல் மாதம் எங்கள் வீட்டில் சட்னி அரைப்பது கொஞ்சம் குறைந்துபோயிருந்தது என்பது வேறு விஷயம்.

வேலுசாமி மார்ச் கடைசியில் ரிட்டயர் ஆனார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இருபத்தாறு வயதில் ஆவடிக்கு வந்து, தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம், எல்லாமே தரப் பரிசோதனைப் பிரிவில். ஒரு மில்லிமீட்டரை நூறாக வகுத்து, அதில் ஒன்று கூடினாலும் "ரிஜெக்ட்" என்று தள்ளிவிடுகிற உத்தியோகம். வீட்டிலும் அப்படித்தான். தாயம்மாள் சுடுகிற தோசை ஒரு பக்கம் தடித்திருந்தால் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். கூடவே ஒரு காகிதமும்: ஜூலைக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும்.

போகிற இடம் அவர் முன்பே பார்த்துவைத்திருந்தார். திருநின்றவூரில், ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில், நாலு போர்ஷன் வீடு. தரைத்தளத்தில் முன்பக்கம் இரண்டு பெட்ரூமோடு பெரிய போர்ஷன், அதில் வீட்டுக்காரரே இருந்தார். அதன் பின்னால் ஒரு சின்ன போர்ஷன். மாடியில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் கூரைக்கு ஷீட் போட்ட ஒன்று. விலை அறுபது லட்சம். தன் ரிட்டயர்மென்ட் பணத்தில் நாற்பத்துமூன்று லட்சம், மீதி பதினேழு லட்சத்துக்கு மகன் அஸ்வின் பேரில் லோன். டோக்கனாக ஒரு லட்சம் கொடுத்துவிட்டார். மே பத்தாம் தேதிக்குள் அக்ரிமென்ட் போடவில்லை என்றால் டோக்கன் திரும்பி வராது.

அஸ்வின் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவன். மனைவி வித்யா, கைக்குழந்தை, அவனும் வாடகை வீடு. "என் பேர்ல லோன் போட்டுக்குங்கப்பா. ஆனா தவணைக்கு என்கிட்ட இருந்து நூறு ரூபா எதிர்பாக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லியிருந்தான். நல்ல பிள்ளை, உள்ளதைச் சொல்லிவிட்டான். ஆகையால் தவணையை வாடகைதான் கட்டவேண்டும். வாடகை கட்டாவிட்டால் பென்ஷன். பென்ஷனில் கை வைத்தால் அரிசியும் தாயம்மாளின் முழங்கால் மருந்தும் அதற்குப் பின்னால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலுசாமி போனை ஸ்பீக்கரில் போட்டு மகனுக்குக் கணக்கைப் படித்துக் காட்டினார். நான் தேங்காயைக் கையாலேயே துருவிக்கொண்டிருந்தேன்.

"எழுதிக்கோ. முன் போர்ஷன்ல நாங்க. மிச்சம் மூணு. புரோக்கர் சின்னப்பையன் சொன்னது ஒண்ணு ஏழாயிரத்து ஐந்நூறு. ஆக இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. பன்னிரண்டால பெருக்கு."

"ரெண்டு லட்சத்து எழுபதாயிரம்" என்றான் அஸ்வின்.

"தவணை பதினேழாயிரத்து இருநூறு. வருஷத்துக்கு ரெண்டு லட்சத்து ஆறாயிரத்து நானூறு. கழி. வீட்டுச் செலவு முந்நூறு. அதையும் கழி."

"முந்நூறாயிரமா?"

"முந்நூறு ரூபாய்டா."

"என்னப்பா செலவு அது?"

"பல்பு, துடைப்பம்."

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. பிறகு அவன், "மாசம் ஐயாயிரத்து இருநூத்து எழுபத்தஞ்சு மிச்சம் வருதுப்பா" என்றான்.

"வருதுல்ல!" என்றார் வேலுசாமி. அந்தக் குரலை நான் அவரிடம் அதற்குமுன் கேட்டதில்லை.

சிரிக்காதீர்கள். அவர் மடையர் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை அப்படி. குழாய் ஒழுகினால் மெயின்டனன்ஸ் ஆபீஸில் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும், அதில் எழுதிவிட்டு வந்தால் மூன்றாம் நாள் ஸ்பானரோடு ஆள் வருவார். சாக்கடை அடைத்தால் எழுது. ஓட்டை ஜன்னலா, எழுது. தண்ணீர் காலை ஆறு மணிக்கும் சாயந்திரம் ஐந்து மணிக்கும் தானாக வரும். எங்கிருந்து வருகிறது, எந்த மோட்டார் இழுக்கிறது, அந்த மோட்டார் எப்போது எரிகிறது, எந்தக் கவலையும் கிடையாது. எங்கள் காசில் நாங்கள் வாங்குவது பல்பும் துடைப்பமும்தான். முப்பத்துநாலு வருஷம் இப்படி இருந்த மனிதர் வீட்டுச் செலவு என்று யோசித்தால் வேறு என்ன ஞாபகம் வரும்? நான் மட்டும் என்ன, அந்த முந்நூறில் ஒட்டடைக்குச்சி சேரவில்லையே என்றுதான் யோசித்தேன்.

தாயம்மாளுக்குக் கணக்கு தேவைப்படவில்லை. ஒரே ஒரு தடவை அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முன் போர்ஷனின் சமையலறையைப் பற்றி என்னிடம் பத்துத் தடவை சொல்லியிருப்பாள். "கிழக்குப் பாத்த ஜன்னல். கறுப்புக் கல்லு மேடை. நான் ரெண்டு கையை விரிச்சாலும் சுவரு இடிக்காது, பாத்துக்கங்க." இங்கே எங்கள் சமையலறைகளில் ஒரு கையை விரித்தாலே ஜாடி விழும்.

எங்கள் பிளாக்குக்கு மாலை ஐந்து மணிக்கு மாவு வரும். கொண்டுவருவது பக்கத்துச் சேக்காட்டு சாமுண்டீஸ்வரி. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு எவர்சில்வர் தூக்கு, பின்னால் ஒன்று. அவளுடைய அம்மா காலத்தில் சேக்காட்டில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். இப்போது இவளுக்கு அங்கே நாலு போர்ஷன் வாடகைக்கு ஓடுகிறது. ஆனாலும் மாவு விற்பதை விடவில்லை. அது ஏன் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அன்றைக்குத்தான் தீர்ந்தது.

வேலுசாமியே பாத்திரத்தோடு வெளியே வந்தார். வந்தவர் சும்மா மாவை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். "நானும் உன்னை மாதிரி ஹவுஸ் ஓனர் ஆகப்போறேன் சாமுண்டீஸ்வரி" என்றார்.

"அப்டியா சார்! எங்க?"

"திருநின்றவூர். மூணு போர்ஷன் வாடகை. வருஷத்துக்கு ரெண்டு எழுபது."

அவள் கரண்டியைத் தூக்கில் போட்டுவிட்டு விரலை மடக்கினாள். "இன்னா சார், பன்னெண்டு மாசமும் போட்டுக்கினியா?"

"வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம்தானே?"

"உனுக்குப் பன்னெண்டு. ஊட்டுக்கு எட்டு."

வேலுசாமி பாத்திரத்தைத் திண்டில் வைத்தார். நானும் என் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாவு வாங்க வேண்டாமா?

"ஒருத்தன் காலி பண்ணிக்கினு போறான்னு வெச்சுக்கோ" என்றாள் சாமுண்டீஸ்வரி. "ஆனி கடசில போறான். அப்பால ஆடி. ஆடில எவன் சார் ஊடு மாறுவான்? பால் காச்ச மாட்டான். ஒரு மாசம் பூட்டிதான் கீது. மார்கய்லயும் அதே கததான். நடுவுல வந்து பாக்கறவன்ல பாதிப் பேரு பேச்சுலரு, பாதிப் பேரு நாய் வெச்சிக்கினு கீறான். ரெண்டு மாசம் காலின்னு நீ மொதல்லயே எயுதி வெச்சுரு. வயித்தெரிச்சல் கீதா? கீது. ஆனா எயுதிரு."

"சரி, பத்து மாசம்."

"இன்னும் ரெண்டு கீது சார். போனவன் சுவத்துல கொயந்தய வெச்சு கிறுக்கி வெச்சிருப்பான், வெள்ள அடிக்கணும். புது ஆளு இட்டுக்கினு வர்ற புரோக்கருக்குத் துட்டு. மோட்டாரு எரியும். அது எப்பவும் பொங்கல் அன்னிக்குத்தான் எரியும், கேட்டுப்பாரு. மய வந்தா செப்டிக் டேங்க் ரொம்பிக்கும். லாரி ஒரு நடைக்கு ரெண்டாயிரம் கேப்பான். வூட்டு வரி. மாடிப்படி லைட்டு. இதெல்லாம் யாரு தருவா, உங்க ரிஜிஸ்டரா? ரெண்டு மாச வாடகைய ஊடே துன்னுடும். நான் நாலு போர்ஷன் வெச்சுக்கினு ஏன் மாவு ஆட்டறேன்னு நெனைக்கிற?"

"எல்லா வீட்லயும் அப்படியா?"

"நல்லா ஓடற ஊட்ல எட்டு. மோசமான ஊடுன்னா ஆறுதான்" என்று சொல்லிவிட்டு, "அரை லிட்டரா, ஒரு லிட்டரா?" என்று கேட்டாள்.

அன்றிரவு அந்தச் சுவருக்கு அப்பால் கால்குலேட்டர் பட்டன் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் தாயம்மாளே வந்து சொன்னாள். எட்டால் பெருக்கினால் ஒரு லட்சத்து எண்பதாயிரம்தான் வருகிறதாம். தவணைக்கு மாதம் இரண்டாயிரத்து இருநூறு துண்டு விழுகிறதாம். "அவரு மூணு தடவை போட்டுப் பாத்துட்டாரு. மூணு தடவையும் அதேதான் வருது. கால்குலேட்டருக்குப் பேட்டரி மாத்திப் பாக்கறேங்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல. அந்த வீட்டை இன்னொரு தடவை பாக்கணும்னேன். புரோக்கர் இல்லாம. நீங்களும் வாறீகளா?"

வேறு ஒருத்தி என்றால் யோசித்திருப்பாள்.

புதன்கிழமை காலை பத்து மணி லோக்கலில் நாங்கள் மூன்று பேர் போனோம், சாமுண்டீஸ்வரியும் சேர்ந்து. தாயம்மாள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டியிருந்தாள். அந்த நேரத்துக்கு வண்டி காலி. இந்துக் கல்லூரி தாண்டுவதற்குள் சாமுண்டீஸ்வரி வறுவலில் கை வைத்துவிட்டாள். பட்டாபிராமில் ஒரு பூக்காரி ஏறினாள். அவளிடம் திருநின்றவூரில் வாடகை எவ்வளவு என்று நான் கேட்டேன். அவள் மீன் விலை, கறி விலை, தன் மருமகளின் நடத்தை எல்லாம் சொல்லி, நெமிலிச்சேரி வரும்போது வாடகைப் பேச்சுக்கு வந்து, திருநின்றவூரில் இறங்கும்போதுதான் "ஏரிப் பக்கம் மட்டும் வேணாம்மா" என்றாள். வீடு ஏரிப் பக்கம்தான்.

வெயில் தலையில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் வீட்டில் இல்லை, முன் போர்ஷன் பூட்டியிருந்தது. மாடி முன் போர்ஷனில் லாவண்யா என்று ஒரு பெண், ஆறு மாதக் கர்ப்பிணி. வெள்ளவேட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, டாக்டர் சொல்லி லீவில் இருந்தாள். நாளெல்லாம் பேச ஆளில்லாமல் இருந்தவளுக்கு மூன்று பேர் கிடைத்தால் எப்படி இருக்கும்? மோர் கொடுத்தாள். தாயம்மாள் முதலில் குழந்தையைப் பற்றிக் கேட்டாள், பிறகு கால் வீக்கம் பற்றி, பிறகு மாடிப்படி ஏறுவது பற்றி. அதிலிருந்து தண்ணீருக்கு வந்தாள். அவள் ஒரு மணி நேரத்தில் கேட்டு வாங்கியதை நான் பத்து நிமிஷத்தில் கேட்டிருப்பேன், ஆனால் எனக்குப் பாதிதான் கிடைத்திருக்கும். அதை ஒத்துக்கொள்கிறேன்.

"வாடகை என்ன தர்றீகம்மா?"

"ஆறாயிரத்து ஐந்நூறுக்கா. கீழ பின்னாடி வீட்டுக்காரங்களும் அதான். ஷீட்டு ரூம்ல ரெண்டு பசங்க, நாலாயிரம்."

சாமுண்டீஸ்வரி என் தொடையைக் கிள்ளினாள்.

"ஏழாயிரத்து ஐந்நூறுன்னாங்களே?"

"யாரு சொன்னது? ஷீட்டு ரூமு பசங்களே அடுத்த மாசம் ஒரகடம் போறாங்க. வெயில் தாங்கலையாம்."

"மழைக்கு?"

"மழைக்கு பாத்ரூம்ல தண்ணி மேல வரும்க்கா. லாரி விட்டா சரியாயிரும். ஓனர் போன் பண்ணா எடுக்கமாட்டாரு. நாங்களே காசு போட்டு லாரி விட்டோம் ரெண்டு தடவ."

"அட்வான்ஸ் குடுத்திருப்பீகளே?"

"பத்து மாசம். அறுபத்தஞ்சாயிரம். வளைகாப்புக்குப் போட வேண்டிய நகைய அடகு வெச்சுக் குடுத்தோம்." லாவண்யா சட்டென்று நிறுத்தினாள். "வீட்ட வித்துட்டா எங்க அட்வான்ஸ் யாருக்கா தருவாங்க? நீங்களா?"

மூன்று பேரும் மோரைக் குடித்தோம்.

கிளம்பும்போது தாயம்மாள் ஷீட் ரூமையும் பார்க்கவேண்டும் என்றாள். பசங்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், சாவியை லாவண்யாவிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் அடுப்பின் மூடியைத் தூக்கினாற்போல் சூடு முகத்தில் அடித்தது. ஒரு அறை, ஒரு தட்டி வைத்து மறைத்த சமையல் இடம், குளியலறை. தாயம்மாள் உள்ளே போய்ச் சமையல் இடத்தில் நின்றாள். கையை விரித்துப் பார்க்கவில்லை. மேலே பார்த்தாள், ஜன்னல் பக்கம் போனாள். ஏரியிலிருந்து கொஞ்சம் காற்று வந்தது. படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எண்ணிக்கொண்டே இறங்கினாள் என்று நினைக்கிறேன். பதினெட்டுப் படி.

மறுநாள் மத்தியானம் சுவருக்கு அப்பால் வேலுசாமியின் நாற்காலி கிறீச்சிடவே இல்லை. மனிதர் அசையாமல் இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு மனசு கேட்கவில்லை. கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போனேன்.

நோட்டு திறந்து கிடந்தது. பல்பும் துடைப்பமும் அடிக்கப்பட்டிருந்தன. கீழே புதுக் கணக்கு: பதினேழாயிரம், எட்டு மாதம், ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம். தவணைக்கு மாதம் ஐயாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பற்றவில்லை. அதற்குக் கீழே, சிவப்பு மையில், ரிஜெக்ட்.

"ஒரு லட்சம் போனாப் போகட்டும்" என்றார் வேலுசாமி, என்னிடம் இல்லை, நோட்டிடம். "சேக்காட்டுல வாடகைக்குப் பாக்கலாம். சாமுண்டீஸ்வரி கிட்ட ஒரு போர்ஷன் காலி ஆகுதாம். பணத்தை பேங்க்ல போட்டு வட்டியில வாடகை கட்டலாம்."

தாயம்மாள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எத்தனை வருசத்துக்கு?"

"இருக்கற வரைக்கும்."

"மூணு வருசத்துக்கு ஒரு தடவை வாடகை கூட்டுவாக. வட்டி கூடுமா?"

"கூடாது."

"பெறகு?"

தாயம்மாள் கீரைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். முழங்காலை மெதுவாக நீட்டிக்கொண்டாள்.

"முன் போர்ஷனுக்கு எவ்வளவு வரும்னு எழுதலையே நீங்க."

"அது நமக்கில்லையா?"

"எழுதுங்க. சாமுண்டீஸ்வரி பதினோராயிரம் கண்ணை மூடிக்கிட்டு வரும்னா. ரெண்டு பெட்ரூம், ஸ்டேசனுக்கு ஆட்டோ. எழுதுங்க."

"அப்ப நாம எங்க இருக்கறது?"

"ஷீட்டு ரூம்பு."

வேலுசாமி பேனாவை மூடினார். "வெந்துருவோம். உன் முட்டியோட அந்தப் படியை எப்படி ஏறுவ?"

"ஒரு நாளைக்கு ஒரு தடவை எறங்கி ஒரு தடவை ஏறுவேன். வெயிலுக்கு ஷீட்டு மேல தென்னங்கீத்துப் போட்டுக்கலாம். நாலாயிர ரூவா போர்ஷன்ல நாம இருந்தா நாலாயிரம்தான் நட்டம். பதினோராயிர ரூவா போர்ஷன்ல இருந்தா பதினோராயிரம் நட்டம். இதுக்கு எதுக்குங்க கால்குலேட்டரு?"

"அந்தச் சமையக்கட்டு வேணும்னு..."

"வேணும்தான்" என்றாள். "வேணும்னா என்ன செய்யச் சொல்றீக?"

அவர் பேனாவைத் திறந்தார். இருபத்துநாலாயிரம், எட்டு மாதம். வருஷத்துக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். மாதத்துக்குப் பதினாறாயிரம். தவணை பதினேழாயிரத்து இருநூறு. இன்னும் ஆயிரத்து இருநூறு குறைந்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ என் கையில் அது இருக்கிற மாதிரி. நான் கறிவேப்பிலையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சின்னப்பையன் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். காபி போட ஆள் வேண்டாமா?

சின்னப்பையன் பேருக்குத்தான் சின்னவன், வயது ஐம்பது. சட்டைப் பையில் மூன்று பேனா, இரண்டு போன். "இன்னா சார், அக்ரிமென்ட் டைப் பண்ணிரலாமா? ஓனரு அவசரப்படறாரு. வேற பார்ட்டி கீறாங்க" என்றபடி உட்கார்ந்தான்.

"மூணு போர்ஷன் ஏழாயிரத்து ஐந்நூறுன்னீங்க" என்றாள் தாயம்மாள்.

"ஆமாக்கா."

"ஆறரை, ஆறரை, நாலு."

சின்னப்பையன் காபியை ஊதினான். "யாரு சொன்னது?"

"குடியிருக்கறவுக."

"ஐயோ, நீ போயி பாத்துக்கினியா? அது இப்போ கீற ரேட்டு. நான் சொன்னது வரப்போற ரேட்டுக்கா."

"வரப்போறப்ப வரட்டும். அவுக மூணு பேரும் அட்வான்சு ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஓனர் கிட்ட குடுத்திருக்காக. அது ஓனரோட போயிரும். அவுக காலி பண்றப்ப நாங்கதான் தரணும். அதனால அதை வெலையில கழிச்சுருங்க."

"எக்கா, இதெல்லாம் யாரும் கழிக்க மாட்டாங்கோ."

"அப்ப ஓனரு அதை அவுக கையில திருப்பிக் குடுத்துட்டு வித்துக்கட்டும். லாவண்யாவுக்கு ஆறு மாசம். நகையை மீட்டு வளைகாப்பு நடத்துவா."

சின்னப்பையன் வேலுசாமியைப் பார்த்தான். வேலுசாமி சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் செய்தார்.

"அப்புறம் செப்டிக் டேங்க்" என்றாள் தாயம்மாள். "மழைக்குத் தண்ணி மேல வருது. பெருசா எடுத்துக் கட்டணும். மேஸ்திரி ஒருத்தர் ஒண்ணே கால், ஒண்ணரை லட்சம்னு சொன்னாரு. ஒண்ணு முப்பது கழிங்க."

"நைனா!" என்றான் சின்னப்பையன் வேலுசாமியிடம். "இவுங்க எந்த டிப்பார்ட்மென்ட்ல வேல பாத்தாங்கோ? நீ பரிசோதனன்னு சொன்ன, இவுங்கள்ல பண்றாங்கோ பரிசோதன!"

"அவ எதையும் ரிஜெக்ட் பண்ணலையே. அளவு சரி பண்ணித்தான் கேக்குறா" என்றார் வேலுசாமி.

"வேற பார்ட்டி கீறான், சொல்லிட்டேன்."

"இருக்கட்டும். அவருக்கும் தெரிஞ்சா நல்லதுதானே?" என்றாள் தாயம்மாள். "எங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்காரு. அவரு வந்து கேட்டா காட்டுவோம்."

சின்னப்பையன் இரண்டாவது காபி கேட்டான். அது நல்ல அறிகுறி என்று எனக்குத் தெரியும், சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயந்திரமே ஓனரோடு போனில் நாலு சுற்று நடந்தது. ஒரு சுற்றில் அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த சுற்றில் அவரே கூப்பிட்டார். அவருக்கும் ஆடிக்கு முன்னால் மகள் வீட்டுக்குப் போயாகவேண்டும் என்பதைச் சின்னப்பையன் வாய்தவறிச் சொல்லிவிட்டான், இரண்டாவது காபியின்போது. கடைசியில் இரண்டையும் கழிக்க ஒத்துக்கொண்டார்.

அட்வான்ஸுக்காகக் கழித்த பணத்தைத் தாயம்மாள் லோனில் கழிக்க விடவில்லை. "அது நம்ம காசு இல்ல, அவுக காசு" என்று தனியாக பேங்கில் போட வைத்தாள். டேங்க்குக்குக் கழித்த ஒண்ணு முப்பதுதான் லோனில் குறைந்தது. டேங்க்கை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வது, அதுவரை லாரி. தவணை பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலு ரூபாய் ஆனது.

வேலுசாமி நோட்டில் கடைசிக் கணக்கை எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டே காட்டினார். பதினாறாயிரத்தில் தவணை போக மாதம் எழுபத்தாறு ரூபாய் மிச்சம். முப்பத்துநாலு வருஷ உழைப்பு, நாற்பத்துமூன்று லட்சம் முதல், மாதம் எழுபத்தாறு ரூபாய் வருமானம். கூடவே நாலாயிர ரூபாய் பெறுமான ஷீட் ரூம். "அளவுக்குள்ள இருக்கு" என்றார். அதில் எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

வைகாசியில் பத்திரம் ஆனது, தாயம்மாள் பேரிலும் அஸ்வின் பேரிலும். ஒரகடம் போன பசங்களின் அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தாள். ஷீட் ரூமில் பால் காய்ச்சினார்கள். நாங்கள் எல்லோரும் போனோம். நின்றால் ஆறு பேர், உட்கார்ந்தால் நாலு பேர் கொள்ளும் இடம். வேலுசாமி வெளியே மொட்டை மாடியில் நாற்காலி போட்டுக்கொண்டு ஏரியைப் பார்த்தார். முன் போர்ஷன் காலியாகிப் பூட்டிக் கிடந்தது.

அதற்குத்தான் ஆள் வரவில்லை. ஆனி மாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தர் ஒன்பதாயிரம் என்றார். ஒருத்தர் மூன்று வண்டி நிறுத்த இடம் கேட்டார். ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் பூட்டுதான், எட்டு மாதக் கணக்கில் ஒரு மாதத்தை முதல் வருஷமே தின்றுவிடும். வேலுசாமி பத்தாயிரத்துக்கு விட்டுவிடலாமா என்று ஆரம்பித்திருந்தார். தாயம்மாள் தினமும் காலையில் பதினெட்டுப் படி இறங்கி, பூட்டைத் திறந்து, முன் போர்ஷனைப் பெருக்கித் துடைத்து, கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, சாயந்திரம் மூடுவாள்.

ஆனியின் கடைசி ஞாயிறு, நான் போயிருந்தேன். ராத்திரி பெய்த மழையில் தெரு முழுக்கச் சேறு. தாயம்மாள் அந்தச் சமையலறையின் கறுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நான் ஓரமாக உட்கார்ந்து அவளுக்குக் குவார்ட்டர்ஸ் செய்தி சொல்லிக்கொண்டிருந்தேன். பைக்கில் ஒரு ஜோடி வந்து இறங்கியது. மோகன், சுவேதா என்று பேர் சொன்னார்கள். அம்பத்தூரில் இரண்டு பேருக்கும் வேலை. அந்தப் பெண் நேராகச் சமையலறைக்கு வந்து, ஜன்னலைப் பார்த்து, மேடையைத் தடவி, இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். எந்தச் சுவரிலும் இடிக்கவில்லை.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் புருஷனிடம். பிறகு ஈரத் துணியோடு நின்ற தாயம்மாளிடம், குரலைத் தாழ்த்தி, "ஆயா, ஓனர் எங்க இருக்காங்க? பத்தாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி விடுவீங்களா? உங்களுக்கும் ஏதாவது பாத்துப் பண்றோம்" என்றாள்.

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. தாயம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் முழுங்கினேன்.

"ஓனரம்மா மாடியில இருக்கா" என்றாள் தாயம்மாள். "பதினோராயிரத்துல ஒரு ரூவா கொறைக்க மாட்டா."

"அவ்வளவு கறாரா?"

"ரொம்ப. ஆனா குழாய் ஒழுகினா அன்னைக்கே ஆள் வரும். போன் பண்ணினா எடுப்பா. அட்வான்சு அப்படியே பேங்க்ல கெடக்கும், போறப்ப மறுநாளே தருவா. அதுக்கு நான் பொறுப்பு."

சுவேதா புருஷனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். "சரி. புதன்கிழமையே வந்துரலாம், ஆடிக்கு முன்னாடி. டோக்கன் இப்பவே குடுத்துடறோம். அவங்ககிட்ட ரசீது வாங்கித் தர்றீங்களா?"

தாயம்மாள் ஐயாயிரத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பெண் அதற்குள் மேடையில் எங்கே அடுப்பு, எங்கே மிக்ஸி என்று இடம் பிரித்துவிட்டாள். தாயம்மாள் அதேபோல் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து ரசீதை நீட்டினாள். வேலுசாமியின் எழுத்து, எல்லாம் நேர்கோட்டில். கீழே கோணலாக, தமிழில், வே. தாயம்மாள்.

சுவேதா அதைப் படித்து மடித்துப் பையில் வைத்தாள். "உங்க பேர் என்ன ஆயா?" என்றாள் போகும்போது.

"புதன்கிழமை சொல்றேன்" என்றாள் தாயம்மாள்.